கை கொடுத்த மருத்துவர் டாக்டர் பால் பிராண்ட்

மலர்க் குழுவினர் போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டு, இந்த வருஷ மலருக்கு என்னிடமிருந்து ஒரு கட்டுரை கட்டாயம் வேண்டும் என்றார்கள். 1968ல் நம்மோடு பி.யு.சி. படித்த காலத்தில் தமிழ்க் கட்டுரைக்கு நான் வாங்கிய மார்க்கை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அறுவைசிகிச்சை செய்தவனைக் கட்டுரை எழுதச் சொன்னால் வேறு என்ன எழுதுவான்? என் தொழிலில் நான் குருவாக நினைக்கும் ஒருவரைப் பற்றி எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

அவரை ஏன் இப்போது நினைத்தேன் என்பதற்குக் காரணம் உண்டு. சென்ற முறை நாம் ராஜா அண்ணாமலைபுரத்தில் கூடியது ஞாபகம் இருக்கும். அன்றிரவு நம்ம செட் நண்பர் ஒருவர், பக்கத்திலேயே இருக்கும் என் வீட்டில் தங்கினார். காலையிலிருந்து ஓடியாடி எல்லாருக்கும் சாப்பாடு கவனித்தவர். வாசலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். சாக்ஸில் ரத்தம். ஷூவுக்குள் பார்த்தால், அடியட்டையைத் துளைத்துக்கொண்டு ஒரு டிராயிங் பின் நிமிர்ந்து நிற்கிறது. மேடைக்குப் பின்னால் பேனர் குத்திய பின்னாக இருக்கலாம். நாள் முழுக்க அதன் மேலேயே நடந்திருக்கிறார். அவருக்குத் தெரியவே இல்லை. பதினெட்டு வருஷச் சர்க்கரை. அந்தப் புண் ஆறுவதற்குள் ஒரு கால்விரலை எடுக்க வேண்டி வந்தது. பெயர் போடாமல் இதை எழுது, நாலு பேருக்கு உதவட்டும் என்று அவரே அனுமதி கொடுத்திருக்கிறார்.

வலி இல்லாததால் வரும் கேட்டை உலகத்துக்கு முதலில் விளக்கமாகச் சொன்னவர்களில் ஒருவர்தான் டாக்டர் பால் வில்சன் பிராண்ட். அவர் அதைக் கற்றுக்கொண்டது நம்ம செங்கல்பட்டிலும் வேலூரிலும்.

பிராண்ட் பிறந்தது 1914 ஜூலை 17ஆம் நாள். பெற்றோர் ஜெஸ்ஸி, எவலின் இருவரும் ஆங்கில மிஷனரிகள். இன்றைய நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில், ரோடு இல்லாத காலத்தில் ஏறிப் போய்க் குடியிருந்தவர்கள். பையன் மலைவாழ் பிள்ளைகளோடு வெறுங்காலில் திரிந்து, மரமேறி வளர்ந்தான். மரக்கிளையில் உட்கார்ந்தே பாடம் படிக்க அம்மா விட்டுவிடுவாராம். அப்பா வீடு கட்டத் தெரிந்தவர். கொஞ்சம் வைத்தியமும் பார்ப்பார். தொழுநோயாளிகள் சிலர் மலையேறி வைத்தியத்துக்கு வந்தபோது, அப்பா பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டுக் கையுறை மாட்டிக்கொண்டு கட்டுப் போட்டதை அந்தப் பையன் பயத்தோடு பார்த்தது உண்டு.

ஒன்பது வயதில், 1923ல், அவனையும் தங்கையையும் படிப்புக்காக லண்டனில் அத்தைமார் வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் கொல்லிமலைக்குத் திரும்பினார்கள். அப்பாவை அதன்பிறகு அவன் பார்க்கவே இல்லை. 1929ல், பையனுக்குப் பதினைந்து நிறையுமுன், கடும் மலேரியா காய்ச்சலில் அப்பா மலையிலேயே இறந்துபோனார். தந்தி முன்னால் வந்துவிட்டது. அப்பா எழுதிப் போட்ட கடிதங்களோ கப்பல் தபாலில் அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தன. படிக்கிற பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி. உறவினர் ஒருவர் செலவை ஏற்கிறேன், டாக்டருக்குப் படி என்றார். பையன் மாட்டேன் என்றுவிட்டான். ரத்தமும் சீழும் அவனுக்கு ஆகாது. அப்பாவைப் போல வீடு கட்டப் பழக வேண்டும் என்று போய்ச் சேர்ந்தது கட்டட வேலையில். கொத்து வேலை, தச்சு வேலை என்று சில வருஷம் அந்தத் தொழிலை முறையாகக் கற்றான். பிற்பாடு மிஷனரி வேலைக்குத் தயாராவதற்காக லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஒரு வருஷ வைத்தியப் பயிற்சிக்குப் போனபோது, மருத்துவமனையில் ஒரு ராத்திரி நினைவில்லாமல் வெளுத்துக் கிடந்த பெண் ஒருத்திக்கு ரத்தம் ஏற்றுவதைப் பார்த்தான். கன்னத்தில் நிறம் வந்தது, கண் திறந்தாள், தண்ணீர் கேட்டாள். எந்த ரத்தத்தைப் பார்த்து ஓடினானோ அதே ரத்தம் அவனை டாக்டராக்கிவிட்டது.

1937ல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் சேர்ந்தார். படித்து முடிப்பதற்குள் யுத்தம் வந்துவிட்டது. விமானக் குண்டுவீச்சில் நொறுங்கிய கைகால்களை ராத்திரி பகலாகத் தைத்துத்தான் அவர் அறுவைசிகிச்சையைக் கற்றார். உடன் படித்த மார்கரெட் பெரியை 1943ல் மணந்தார். எஃப்.ஆர்.சி.எஸ். பட்டமும் பெற்றார். அப்போது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பொறுப்பில் இருந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன் அழைக்கவே, 1946 கடைசியில் வேலூர் வந்து சேர்ந்தார். ஒரு வருஷத்துக்கு என்று வந்தவர், ஏறக்குறைய பதினெட்டு வருஷம் இருந்துவிட்டார். மார்கரெட் அம்மையாரும் சின்னக் குழந்தைகளோடு 1947ல் வந்து, கண் மருத்துவம் பழகி, தொழுநோயில் கண் கெடுவதைத் தடுப்பதில் பேரெடுத்தார்.

காக்ரேன் தொழுநோய் நிபுணர். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் விடுதியைக் கவனித்துவந்தார். 1947ல் பிராண்டை அங்கே கூட்டிக்கொண்டு போனார். சுற்றி வரும்போது பிராண்டின் கண் கைகளிலேயே இருந்தது. கழுகு நகம் மாதிரி மடங்கிய விரல்கள், குட்டையாகிப்போன விரல்கள், விரலே இல்லாத கைகள். இந்தக் கைகள் ஏன் இப்படி ஆகின்றன, சரிசெய்ய என்ன செய்திருக்கிறார்கள் என்று கேட்டார். காக்ரேன் தோல் மருத்துவர். எலும்பு மருத்துவர் யாரும் இந்தப் பக்கமே வரவில்லையே என்று அவர் திருப்பிக் கேட்டார்.

ஒரு நோயாளியின் மடங்கிய கைக்குள் பிராண்ட் தன் கையைக் கொடுத்து, முடிந்தவரை அழுத்தச் சொன்னார். செயலற்ற கை, லேசாகத் தொடும் என்று நினைத்தார். அந்த ஆள் அழுத்திய அழுத்தில் நகம் உள்ளே இறங்கி, பிராண்ட் வலியில் துள்ளினார். அழுத்தியவருக்கோ தான் வலிக்கச் செய்கிறோம் என்றே தெரியவில்லை. அந்த ஒரு நிமிஷத்தில் இரண்டு விஷயம் பிராண்டுக்குப் புரிந்தது. ஒன்று, இந்தக் கையில் நல்ல பலமுள்ள தசை இன்னும் இருக்கிறது. இரண்டு, இந்த மனிதருக்குத் தொடு உணர்ச்சி இல்லை. அவருடைய மீதி வாழ்க்கை முழுவதும் இந்த இரண்டு விஷயத்துக்குள் அடக்கம்.

அதன்பிறகு அவரும் கூட இருந்தவர்களும் நோயாளிகளின் விரல் விரலாக, தசை தசையாகச் சோதித்துக் குறித்தார்கள். விடுதியில் இறந்த ஒருவரின் உடலைச் சோதிக்க அனுமதி கிடைத்தபோது, ராத்திரியோடு ராத்திரியாக லாந்தர் வெளிச்சத்தில் கைகால் நரம்புகளைப் பிரித்துப் பார்த்தார்கள். முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் என்று தோலுக்கு அருகில் நரம்பு ஓடும் இடங்களில்தான் அது வீங்கிக் கெட்டிருந்தது. தொழுநோய்க் கிருமிக்கு உடம்பின் குளிர்ந்த பகுதிதான் பிடிக்கும். தசைக்குள் ஆழமாக, கதகதப்பாக ஓடும் நரம்பைப் பெரும்பாலும் விட்டுவிடும். அதனால்தான் உள்ளங்கைக்குள் இருக்கும் சின்னத் தசைகள் செத்துப்போக, முன்கைத் தசைகள் பல நன்றாகவே இருந்தன.

இருப்பதிலிருந்து எடுத்து இல்லாததற்குக் கொடுப்பதுதான் அவர் செய்த அறுவை. அதைத் தசைநாண் மாற்றம் என்போம். கை இளம்பிள்ளைவாதத்தாலோ காயத்தாலோ முடங்கியவர்களுக்கு அமெரிக்காவில் ஸ்டெர்லிங் பன்னெல் போன்றவர்கள் செய்துவந்ததுதான். தொழுநோயாளியின் கையில் கத்தி வைத்தால் ஆறாது என்று எல்லாரும் நம்பிய காலத்தில் அதை இங்கே செய்து பார்த்தவர் பிராண்ட். முதலில் விரலை மடக்கும் ஒரு நாணை எடுத்து மாற்றினார். பிறகு மணிக்கட்டைத் தூக்கும் தசைகளில் ஒன்றை எடுத்து, காலிலிருந்து எடுத்த மெல்லிய நாணை அதோடு ஒட்டுப்போட்டு, நாலு இழையாகப் பிரித்து, விரலுக்கு ஒன்றாக இணைத்தார். மூன்று வாரம் மாவுக்கட்டு. கட்டுப் பிரித்ததும் வேலை முடிந்ததாக நினைக்கக் கூடாது. மணிக்கட்டைத் தூக்கப் பழகிய தசைக்கு இப்போது விரலைச் சரியாக வளைக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். பாதி வெற்றி கத்தியில், பாதி வெற்றி பிசியோதெரபியில். ஆறிவிட்டது! விரல் நிமிர்ந்தது. வெந்த சோற்றை விரலால் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோக முடிந்தது. நமக்கு இதில் என்ன பெரிசு? அவர்களுக்கு அதுதான் எல்லாமே.

ஆனால் கொஞ்ச நாளில் அறுவை செய்துகொண்ட சிலர் முகம் வாடித் திரும்பி வந்தார்கள். கை பார்க்க நன்றாகிவிட்டது, இப்போது பிச்சையும் விழவில்லை, வேலையும் யாரும் தரவில்லை என்றார்கள். முகத்தில் புருவம் இல்லை, மூக்கு உட்கார்ந்துவிட்டது; பார்த்ததும் ஊர் கண்டுபிடித்துவிடுகிறது. அதனால் தலைத்தோலிலிருந்து முடியோடு எடுத்துப் புருவம் வைப்பது, அமுங்கிய மூக்கை நிமிர்த்துவது என்று பிளாஸ்டிக் சர்ஜரிக்குள்ளும் இறங்கினார். அழகுக்காக அல்ல, பிழைப்புக்காக. அப்படியே மருத்துவமனை வளாகத்தில் மண் குடிசைகளாக நவஜீவ நிலையம் ஒன்று உருவானது. பட்டறை போட்டு, குணமானவர்களுக்குத் தச்சு வேலை கற்றுக்கொடுத்தார். மரப் பொம்மை செய்தார்கள். லண்டனில் வீணாகப் போனதாக அவர் நினைத்த கொத்தனார் வருஷங்கள் வேலூரில் கைகொடுத்தன.

அந்தப் பட்டறைதான் அவருக்குப் பெரிய பாடம் நடத்தியது. ஒரு நாள் துருப்பிடித்த பூட்டைத் திறக்க அவர் சாவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சின்னப் பையன் ஒருவன், நோயாளி, வாங்கித் திருகித் திறந்துவிட்டான். தரையில் ரத்தச் சொட்டு. பார்த்தால் சாவி அவன் விரலை எலும்பு வரைக்கும் அறுத்திருக்கிறது. நமக்கு வலி எழுந்து போதும் நிறுத்து என்று சொல்லும் இடம் அவனுக்கு இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார். சுத்தியல் பிடியில் சிராய், சூடான டம்ளர், குத்தும் செருப்பு ஆணி. எல்லாவற்றுக்கும் விடை கிடைத்தது, ஒன்றைத் தவிர. சிலருக்கு ராத்திரி படுக்கும்போது இருந்த விரல்முனை காலையில் இல்லை. ஒருவரைக் கண்விழித்துக் காவலிருக்க வைத்தபோது தெரிந்தது, எலி வந்து கடித்துக்கொண்டிருக்கிறது. தூங்குகிறவருக்குத் தெரியவில்லை. அதற்கு அவர் கண்ட மருந்து பூனை! ஊருக்குப் போகிறவர்களுக்கு ஆளுக்கொரு பூனை கொடுத்து அனுப்பினார்கள்.

தொழுநோய் விரலைத் தின்றுவிடும், விரல் அழுகி விழும் என்று ஆயிரக்கணக்கான வருஷமாக உலகம் நம்பியது. நோய் தின்னவில்லை, நோய் வலியை எடுத்துக்கொண்டது, வலி போனதால் காயம் தின்றது என்று இந்த மனிதர் காட்டினார். தடுக்க முடிகிற சேதம் என்று ஆனபோதே பாதி சாபம் தீர்ந்த மாதிரி.

வலியின் அருமையை அவர் தன் உடம்பிலும் அனுபவித்தார். ஒருமுறை அமெரிக்கப் பயணம் முடித்து லண்டன் வந்து சேர்ந்த இரவு, சாக்ஸைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்தினார், வலிக்கவில்லை. நோய் நமக்கும் வந்துவிட்டது, மனைவி மக்களைப் பிரிய வேண்டியதுதான் என்று இரவெல்லாம் தூங்கவில்லை. காலையில் மறுபடி குத்தினார். சுரீரென்று வலித்தது! ரயிலில் அசையாமல் உட்கார்ந்து வந்ததில் நரம்பு அமுங்கி மரத்திருக்கிறது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு வலியைக் கடவுள் கொடுத்த வரம் என்றே அவர் சொல்லிவந்தார்.

1952ல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் அவரை ஹண்டேரியன் பேராசிரியராகச் சொற்பொழிவாற்ற அழைத்தது. 1955ல் வேலூருக்கு அருகே கரிகிரியில் ஷீஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. 1960ல் லாஸ்கர் விருது, 1961ல் சி.பி.இ. பட்டம். விருதுகளைவிட எனக்கு மலைப்பாகத் தெரிவது அவர் ஆட்களை உருவாக்கிய விதம். டாக்டர் மேரி வர்கீஸ் 1954 ஜனவரியில் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே முழுவதும் செயலிழந்தார். இனி டாக்டராக வாழ்வு ஏது என்று இடிந்திருந்த அவரை, உட்கார்ந்து செய்யக்கூடிய அறுவை கை அறுவைதானே என்று பிராண்ட் இழுத்துவந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே அவர் தொழுநோயாளிகளின் கைகளை நிமிர்த்தினார். பின்னர் நியூயார்க்கில் பயின்று திரும்பி, வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையைத் தொடங்கினார். 1972ல் பத்மஸ்ரீ பெற்றார், 1986ல் மறைந்தார்.

நான் பிராண்டை நேரில் பார்த்ததில்லை. நான் பயிற்சிக்காகக் கரிகிரிக்குப் போனபோது அவர் இந்தியாவை விட்டுப் போய் வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் அங்கே மூச்சுக்கு மூச்சு அவர் பேர்தான். முதல் நாள் ஒரு பெரியவர் வணக்கம் சொல்லிக் கையை நீட்டினார். என் கை தானாகப் பின்னால் போனது. எம்.பி.பி.எஸ். படித்தவன், இது எளிதில் ஒட்டாத நோய், பெரும்பாலோருக்கு இயற்கையிலேயே எதிர்ப்புச் சக்தி உண்டு என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன்! அவர் ஒன்றும் சொல்லாமல் கையை மடக்கிக்கொண்டார். அன்று ராத்திரி நம் கல்லூரி வாசல்தான் ஞாபகம் வந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து ஒருவர் உட்கார்ந்திருப்பாரே, மறந்துவிட்டதா? நாம எல்லாரும் தகரக் குவளையில் அரையடி உயரத்திலிருந்துதான் காசு போட்டோம். மறுநாள் காலை அந்தப் பெரியவரைத் தேடிப் போய் நானே கையைக் கொடுத்தேன். நான் கற்ற முதல் கை சிகிச்சை அதுதான்.

பிராண்டும் ஒருமுறை ஒரு நோயாளியின் தோளில் கைபோட்டுச் சிகிச்சையை விளக்கியபோது அந்த ஆள் தேம்பி அழுதாராம். ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா என்று பதறி விசாரித்தால், பல வருஷமாக யாரும் அவரைத் தொட்டதில்லை, அதனால்தான் அழுகை.

1966ல் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போய், 1986 வரை மறுவாழ்வுப் பிரிவை நடத்தினார். அங்கேதான் வேலூர்ப் பாடம் சர்க்கரைக்காரர்களுக்கு வந்து சேர்ந்தது. சர்க்கரையில் கால் புண்ணாவதற்கு ரத்த ஓட்டம் மட்டுமே காரணம் என்று பலர் நினைத்திருந்தார்கள். பிராண்ட் அந்தக் கால்களைப் பார்த்ததும், இவை நான் தமிழ்நாட்டில் பார்த்த அதே மரத்த கால்கள் என்று கண்டுகொண்டார். ஒரே இடத்தில் ஆயிரம் முறை விழும் மிதமான அழுத்தம்கூடச் சதையைச் சிதைத்துவிடும் என்று சோதனையில் காட்டினார். புண்ணுள்ள காலுக்கு முழு மாவுக்கட்டுப் போட்டு நடக்கவிட்டு ஆற்றும் முறையை அமெரிக்காவில் பரப்பினார். அந்த முறை 1930களில் நம்ம சென்னையில் ஜோசப் கான், அடுத்துக் கொழும்பில் மில்ராய் பால் என்ற டாக்டர்கள் தொழுநோயாளிகளுக்குச் செய்து எழுதிவைத்ததுதான் என்பது நமக்குப் பெருமை. பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிறார்களே, அந்தச் சோதனையும் கார்வில் ஆய்வுகளிலிருந்து வந்ததுதான். கையின் இயக்கம் பற்றி அவர் 1985ல் எழுதிய பாடநூலை நாங்கள் இன்றும் புரட்டுகிறோம்.

அவருடைய அம்மா எவலின், ஓய்வு பெறச் சொன்ன பிறகும் மலையை விட்டு இறங்கவில்லை. குதிரை மேல் ஊர் ஊராகப் போய் வைத்தியம் பார்த்து, 1974ல் தொண்ணூற்றைந்தாம் வயதில் மறைந்தார். கொல்லிமலை வாழவந்தியில் கணவர் பக்கத்திலேயே அடக்கம். மகன் 2003 ஜூலை 8ஆம் நாள் சியாட்டில் நகரில் காலமானார்.

அவருக்குப் பிறகு காலம் நல்லபடியே நகர்ந்திருக்கிறது. 1982ல் வந்த கூட்டு மருந்துச் சிகிச்சையால் தொழுநோயை முழுதாகக் குணப்படுத்தலாம். 1898ஆம் வருஷத்துத் தொழுநோயாளிகள் சட்டம் 2016ல் ஒழிக்கப்பட்டது. 2019ல் விவாகரத்துக்கு இந்நோயைக் காரணம் காட்டும் பிரிவும் நீங்கியது. கை அறுவைக்கு ஸ்டான்லி மருத்துவமனையில் 1970களிலேயே டாக்டர் ஆர். வெங்கடசாமி அவர்களின் தனிப்பிரிவு பேர்பெற்றுவிட்டது. சட்டம் மாறிவிட்டது. நம்ம கைதான் இன்னும் சில சமயம் பின்னால் போகிறது.

நண்பர்களே, கடைசியாக ஒரு வேண்டுகோள். நம்ம செட்டில் பாதிப் பேருக்குச் சர்க்கரை என்பது பந்தியில் யார் யார் பாயசம் வேண்டாம் என்கிறார்கள் என்று பார்த்தாலே தெரிகிறது. ராத்திரி படுக்குமுன் இரண்டு பாதத்தையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைக் கீழே வைத்துப் பாருங்கள், அல்லது வீட்டம்மாவையோ பேரப்பிள்ளையையோ பார்க்கச் சொல்லுங்கள். ஷூவை மாட்டுமுன் கவிழ்த்துத் தட்டுங்கள், உள்ளே கையை விட்டுத் தடவுங்கள். வெறுங்காலில் நடக்காதீர்கள், வெயில் நேரத்தில் கோயில் பிராகாரத்தில் இன்னும் ஜாக்கிரதை. வலிக்கவில்லையே என்று எந்தப் புண்ணையும் விட்டுவைக்காதீர்கள். வலிக்காத புண்தான் பொல்லாத புண்.

இந்த முறை சந்திப்பன்று காலை டிபனுக்கும் கூட்டம் தொடங்குவதற்கும் நடுவே, மண்டபத்தின் பின் அறையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். என் சட்டைப் பையில் அந்த நைலான் இழை இருக்கும். ஆளுக்கு ஐந்து நிமிஷம் போதும். வெட்கப்படாமல் செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள். அந்த டிராயிங் பின் நண்பர் முதல் ஆளாக வந்து வரிசையை ஒழுங்குபடுத்துவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.